மோர்மிளகாயும் ஒளிமேகமும்

தலைக்கு மேலே அரை கிலோமீட்டர் உயரத்தில் தலைகீழாகத் தொங்கும் எதிர்த்தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று பார்த்துவிட்டுத்தான் தையல்நாயகி தன் வீட்டு அடுப்பில் சட்டியை வைப்பாள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உருளம்பாடியில் எல்லோரும் அப்படித்தான். விண்வெளியில் மிதக்கும் அந்த ஊரே ஒரு பெரிய உருளை. அதன் உள்வயிற்றில் சுற்றிலும் தெருக்கள், வீடுகள், கீரைப் பாத்திகள். உருளை அரை நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொள்வதால் அவரவர் கால் அவரவர் தரையில் நிற்கிறது. மழை பெய்யாத ஊரில் சமையற்கட்டுக்குக் கூரை எதற்கு என்று கட்டியவர்கள் விட்டுவிட்டார்கள். ஆகையால் அங்கே அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியாது, அடுத்தவர் அடுப்படி தெரியும்.

பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது குத்துவிளக்கோடு ஒரு தூரக்கண்ணும் சீராகக் கொடுப்பது உருளம்பாடி வழக்கம். தையல்நாயகியின் அப்பா நல்ல தூரக்கண்ணாகப் பார்த்துக் கொடுத்திருந்தார். எதிர்த்தெருவில் ரசத்தில் மிதக்கும் கொத்தமல்லியைக்கூட அதில் எண்ணிவிடலாம்.

சட்டமும் இதற்கு இடம் கொடுத்தது. பார்ப்பது குற்றமில்லை, படம் பிடிப்பதுதான் குற்றம். பார்த்ததை மறுநாளே "நான் எங்க பார்த்தேன்" என்று சொல்லிவிடலாம். படம் அப்படிப் பேச்சு மாறாது. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் அந்த ஊரின் அமைதி நின்றுகொண்டிருந்தது.

ஊரின் நீளத்துக்கு ஒரே ஒரு கண்ணாடிப் பட்டை ஓடுகிறது. கண்ணாடி வாய்க்கால் என்று அதற்குப் பெயர். வெளியே இருக்கும் ராட்சத ஆடிகள் சூரிய ஒளியை வாங்கி வாய்க்கால் வழியாக உள்ளே அனுப்பும். சாயங்காலம் ஆடிகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்கும் தெருவிளக்குகள் எரியத் தொடங்குவதற்கும் நடுவே ஒரு மணி நேரம். அதை மங்கல் வேளை என்பார்கள். காற்றுத் துறையின் சுற்றுத்தும்பிகள், ஊர் முழுக்கப் பறந்து காற்றை மோந்து வேவு பார்க்கும் குட்டி இயந்திரங்கள், அந்த நேரத்தில்தான் மின்னூட்டத்துக்குப் போய் உட்காரும். மாடித் தகடுகளில் பகல் சூடு இன்னும் மிச்சமிருக்கும்.

தையல்நாயகி மோர்மிளகாய் காயப்போடுவது அப்போதுதான்.

அது பெருங்குற்றம். முன்பு யாரோ ஒரு புண்ணியவான் மாடியில் மிளகாய் காயப்போட, காரம் காற்றுக்குழாயில் ஏறி, ஊரைச் சுற்றிச் சுற்றி வந்து, குழந்தை முதல் கிழம் வரை ஒரு வாரம் தும்மித் தீர்த்தது. அன்றிலிருந்து மாடியில் எதைக் காயப்போட்டாலும் மாடி உரிமை பறிபோய்விடும். ஏணியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். தையல்நாயகிக்கோ மாடிதான் எல்லாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவர் குஞ்சிதபாதம் வீட்டுக்குள்ளேயே இருந்தார், செய்திக்குழாயை அலறவிட்டுக்கொண்டு. வீட்டுக்குள் அவர் இருந்தார், மாடியில் அவள் இருந்தாள். முப்பது வருடத் தாம்பத்தியம் குலையாமல் ஓடியதற்கு அந்த ஏணி ஒரு முக்கியக் காரணம்.

அப்படிப்பட்ட மாடியில் ஒரு மங்கல் வேளையில் நைட்டியோடு குனிந்து மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்தவள், இடுப்பு வலிக்க நிமிர்ந்தாள். நேர் எதிரே, தலைக்கு மேலே, ஒரு மாடியில் சின்னதாய்ச் சிவப்பு விளக்கு. அதன் பக்கத்தில் ஒரு குழாய். குழாயின் வாய் தன் பக்கம்.

அவள் பதறிக் கீழே இறங்கித் தூரக்கண்ணை எடுத்து வந்தாள்.

ஒரு ஆள் கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு குழாய்க்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். குழாய் ஒரு பழைய மேசை விசிறியின் காலில் கட்டப்பட்டிருந்தது. காலிலிருந்து ஏதோ ஒரு பை கனமாகத் தொங்கியது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை அவன் விரல் அசைந்தது. நல்ல எண்ணம் உள்ளவன் எதற்குத் தலையை மூட வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவள் நெஞ்சும் குறுகுறுத்தது. ஆனால் குற்றம் அவனுடையது என்று அது தீர்மானித்துக்கொண்டது.

"ஏங்க, எதுத்தாப்ல ஒருத்தன் என்னைய படம் புடிக்கறாங்க" என்றாள் கீழே வந்து.

குஞ்சிதபாதம் செய்திக்குழாயின் சத்தத்தைக் குறைக்காமலே கேட்டார். "ஒன்னையா? எதுக்கு?"

அந்த "எதுக்கு" அவளுக்குப் பிடிக்கவில்லை. "எதுக்குன்னா? காத்துத் தொறை ஆளா இருப்பான். மெளகாய்க்கு வேவு பாக்கறான்."

"அப்ப மெளகாயத்தான் எடுக்கறான்னு சொல்லு" என்றார் அவர்.

மறுநாள் அவள் பருத்திப் புடவை கட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். நாளைக்கு ஒரு விசாரணை என்று வந்து படத்தைக் காட்டினால் நைட்டியோடு நிற்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு மறுநாள் தலையில் கொஞ்சம் பூ. அந்த வாரக் கடைசியில் அரக்குப் பட்டு.

"மெளகா பெரட்டறதுக்கு எதுக்குடி பட்டு?" என்றார் குஞ்சிதபாதம்.

"பொட்டில மடிஞ்சே கெடக்குது. காத்தாட வேணாமா?"

மங்கலில் முகம் இருட்டடிக்கும் என்று தோன்றவே மாடிக் கைப்பிடியில் ஒரு விளக்கையும் மாட்டினாள். விளக்கு வெளிச்சத்தில் மிளகாய்களைப் புரட்டுவதும் வசதியாக இருந்தது.

நாளாக நாளாக அவன்மேல் சந்தேகம் முற்றியது. ஒருநாள் அவன் செய்த காரியம் அவளுக்கு அடியோடு விளங்கவில்லை. குழாயின் வாயை மூடி போட்டு மூடினான். மூடிவிட்டு, பழையபடி அரை நிமிடத்துக்கு ஒருமுறை விரலை அசைத்துக்கொண்டே இருந்தான். மூடிய குழாயில் எவனாவது படம் பிடிப்பானா? தான் தூரக்கண்ணில் பார்ப்பதைத் தெரிந்துகொண்டு நடிக்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அடுத்தவரை இப்படி உளவு பார்க்கிறவன் எப்பேர்ப்பட்டவனாக இருப்பான் என்று, தூரக்கண்ணைக் கண்ணிலிருந்து எடுக்காமலே அவள் கொதித்தாள்.

முந்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று முடிவு செய்தாள். பெண்களைப் படம் பிடிக்கிறவன் என்று ஒருமுறை பெயர் கெட்டுவிட்டால், பிறகு அவன் மிளகாயைப் பற்றி வாய் திறந்தாலும் யார் நம்பப் போகிறார்கள்? குழாயையும் பிடுங்கிவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவள் தன் பக்கத்து வீட்டில் சொன்னாள். சாயங்காலத்துக்குள் அவர்களுடைய வாய்க்கால் தெருவில் ஒவ்வொருவரும் தன்னைத்தான் அவன் படம் பிடிக்கிறான் என்று நம்பத் தொடங்கினார்கள்.

அடுத்த மங்கல் வேளையில் எல்லா மாடியிலும் ஆள். ஒருவர் ஆயுளில் திறந்தறியாத தடிப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தார். ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டு எடை தூக்கினார். கடைசி வீட்டம்மாள் வீணையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியிருந்தாள், அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அத்தனை பேரும் புகாரில் கையெழுத்துப் போட்டார்கள்.

நலச்சங்கத் தலைவர் அம்பலவாணன் புகாரை வாங்கி வைத்துக்கொண்டு, "சரி, வெள்ளிக்கெழம தெரைப் பஞ்சாயத்து வச்சிருவோம்" என்றார்.

"அது எதுக்குங்க? கொழாயப் புடுங்கிட்டா முடிஞ்சிது."

"அதெப்படிம்மா? படப் புகார்ன்னா மொறை இருக்குல்ல. அவன் எடுத்த படத்தையெல்லாம் பெரிய தெரையில ஊரு முன்னால போடுவோம். புகார் குடுத்தவங்க இதுல நான் இருக்கேன்னு எழுந்து அடையாளம் காட்டணும். எல்லாத் தொறை அதிகாரிங்களும் வந்து ஒக்காருவாங்க. காத்துத் தொறை ஜெயசீலி அம்மாவுக்கும் சொல்லியாச்சு."

தையல்நாயகிக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னை அடையாளம் காட்டினால் பக்கத்தில் மிளகாயும் இருக்கும். காட்டாவிட்டால் வீண்பழி போட்டவள் என்று ஊர் சிரிக்கும். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தெருவே கையெழுத்துப் போட்டாச்சேம்மா. ஒருத்தர் வாங்கினா போதாதே" என்றார் அம்பலவாணன்.

வேறு வழியில்லாமல் அவளே ஊரின் மறுபாதிக்கு வண்டி பிடித்துப் போனாள். அவன் பெயர் சேந்தன். நீர்ச் சுத்தி நிலையத்தில் கடைநிலை வேலை. ஒற்றை ஆள், ஒற்றை அறை. "வாங்கம்மா" என்று வரவேற்றவனின் பணிவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. நேரே மாடிக்குப் போய்க் குழாயின் எதிரில் நின்றுகொண்டாள்.

"என்னாத்த எடுக்கறே இதுல?"

"நட்சத்திரம்மா. கண்ணாடி வாய்க்கா வழியா தெரியும்ல. திருவாதிரைக்குப் பக்கத்துல மூணு நட்சத்திரம் வரிசையா நிக்கும். அதுக்குக் கீழ ஒரு ஒளிமேகம் இருக்கு."

"நட்சத்திரம் எடுக்கணும்னா முனைக்கோபுரத்துக்குப் போறது. அங்கதான் சுத்தாத மேடை, பெரிய கருவி எல்லாம் இருக்குதே."

"ஒரு மணி நேர வாடகை என் ஒரு மாச சம்பளம்மா" என்று சிரித்தான் சேந்தன். "அதான் கெடைச்சத வச்சுத் தேத்திருக்கேன். இது பழைய கைபேசி. மூஞ்சி ஒடைஞ்சிருக்கு, கண்ணு நல்லாருக்கு. இந்த வில்லை ஆஸ்பத்திரியில கழிச்சுப் போட்ட மிஷின்ல இருந்தது. காலு விசிறிக் காலு."

"பையில என்னா?"

"கேவரகும்மா. கனம் தொங்குனா காலு ஆடாது. மாசக் கடைசில எடுத்துக் கூழு காய்ச்சிப்பேன்."

அவள் பையை அவிழ்த்துப் பார்த்தாள். கேழ்வரகுதான். அதற்குள் கையை விட்டுத் துழாவியும் பார்த்தாள்.

"சிவப்பு வெளக்கு?"

"வெள்ளை வெளிச்சம் பட்டா கண்ணு கூசி இருட்டுல ஒண்ணும் தெரியாதும்மா. சிவப்புன்னா தெரியும்."

"மூடியப் போட்டுட்டு எடுத்தியே, அது?"

"அது இருட்டுப் படம். கருவி தானா போடற புள்ளி, கறையெல்லாம் அதுல தெரியும். அத நல்ல படத்துலேருந்து கழிச்சுட்டா சுத்தமாயிடும்." சட்டென்று அவன் நிமிர்ந்தான். "அத நீங்க எப்படிம்மா பாத்தீங்க?"

அந்தக் கேள்வி தேவையில்லாதது என்று அவளுக்குப் பட்டது. "எங்க மாடி தெரியுதா இதுல?" என்று பேச்சைத் திருப்பினாள்.

சேந்தன் கொஞ்சம் தயங்கினான். "வாய்க்கா ஓரத்துலதான உங்க மாடி. அது தெரியும்மா. உங்களையும் தெரியும். மத்ததும் தெரியும். ஆனா கவலப்படாதீங்க, கடைசிப் படத்துல ஒண்ணும் இருக்காது."

"மத்தது" என்ற சொல்லை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். "இருக்காதுன்னா? ஒனக்கு என்னா வேணும் சொல்லு."

"ஒண்ணும் வேணாம்மா. ஒரே ஒரு ஒதவி. மாடில புதுசா ஒரு வெளக்கு போட்டிருக்கீங்கள்ல. அத மட்டும் அந்த ஒரு மணி நேரம் அணைச்சு வைக்க முடியுமா?"

இருட்டாக இருக்க வேண்டும் என்று ஒரு ஆண்பிள்ளை கேட்டால் அதில் நல்லது எப்படி இருக்க முடியும்? தையல்நாயகி விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள். அன்று மங்கல் வேளையில் இரண்டாவது விளக்கையும் மாட்டினாள்.

வெள்ளிக்கிழமை திரைக்கூடத்தில் நிற்க இடமில்லை. வாய்க்கால் தெரு மொத்தமும் நல்ல உடுப்பில் முன்வரிசைகளை அடைத்திருந்தது. ஓரத்து நாற்காலியில் காற்றுத் துறை அதிகாரி ஜெயசீலி அலுப்போடு உட்கார்ந்திருந்தார். ஏணியைக் கழற்றும் சத்தம் தையல்நாயகியின் காதில் இப்போதே கேட்டது. ஏதாவது ஒன்று நடந்து அந்தக் கருவி வெடித்துப்போகட்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டாள்.

திரை ஒளிர்ந்தது.

அதில் தெருவும் இல்லை, மாடியும் இல்லை, ஆளும் இல்லை. கருகருவென்ற ஆழத்தில் ரோஜா நிறமும் நீலமுமாக ஒரு மேகம் விரிந்து கிடந்தது. அதன் நடுவில் பொடிப்பொடியாய் நட்சத்திரங்கள். வாழ்க்கை முழுவதும் ஒருவர் வீட்டை ஒருவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஜனம் இப்படி ஒன்று வெளியே இருப்பதைப் பார்த்ததே இல்லை. கூடம் அடங்கிப்போனது.

சற்று நேரம்தான். எடை தூக்கியவர் வாயைத் திறந்தார். "இதுல நாங்க எங்க இருக்கோம்?"

"நீங்க யாரும் இல்லீங்க" என்றான் சேந்தன். "ஊரு ஒரு சுத்து சுத்தினா ஒரு படம். அப்படி ஆயிரக்கணக்குல எடுத்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குவேன். நட்சத்திரத்த நட்சத்திரத்தோட பொருத்தி அடுக்கினா அது நிக்கும். மத்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எடம் மாறும். எடம் மாறறதெல்லாம் குப்பைன்னு நெனச்சு கருவி தள்ளிடும். நல்ல கருவி வாங்க வக்கில்லாதவன் இப்படித்தாங்க பண்ணணும்."

அம்பலவாணன் தொண்டையைக் கனைத்தார். "படத்துல யாரும் இல்ல. அதனால புகார் தள்ளுபடி. எல்லாரும் கெளம்பலாம்."

தையல்நாயகிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏணி தப்பித்தது. குஞ்சிதபாதம் அவள் கையைப் பிடித்து, "சாமி காப்பாத்திச்சு, வா போவலாம்" என்று எழுந்தார். அவளும் எழுந்தாள். நாலு எட்டு வைத்தாள். ஐந்தாவது எட்டு வரவில்லை. குப்பை என்ற அந்த ஒரு சொல் முள்ளாக உள்ளே தைத்துக்கொண்டு நின்றது.

திரும்பினாள். "தம்பி, எத்தனை படத்துல நான் இருந்தேன்?"

"கிட்டத்தட்ட எல்லாத்துலயும் இருந்தீங்கம்மா."

"எல்லாத்துலயும் இருந்தவள எப்படி அழிச்ச?"

"நீங்க நடமாடிக்கிட்டே இருந்ததால லேசா போயிட்டீங்க. அந்த ரெண்டு வெளக்குதான் போவல. அதுக்குத்தான் ரொம்பப் பாடுபட்டேன்."

லேசாகப் போய்விட்டாளாம். பூ வைத்து, பட்டுக் கட்டி, விளக்குப் போட்டு நின்றவள் லேசாகப் போய்விட்டாள், விளக்கு போகவில்லை. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"என்னைய அழிக்கறதுக்கு யாரைக் கேட்ட நீ? படம் புடிக்கறதுக்குத்தான் அனுமதி வேணுமா? அழிக்கறதுக்கு வேணாமா?"

"அதானே" என்றாள் வீணைக்காரம்மாள். முன்வரிசைகள் முழுவதும் முணுமுணுத்தன. புத்தகக்காரர் எழுந்து, தன்னையும் அனுமதியில்லாமல் அழித்திருப்பதாகப் பதிவு செய்துகொள்ளச் சொன்னார்.

"அடுக்கறதுக்கு முன்னால எடுத்த படம் இருக்குல்ல? அதப் போடு" என்றாள் தையல்நாயகி.

சேந்தன் ஓரத்து நாற்காலியை ஒருமுறை பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "வேணாம்மா. நான் சொல்றதக் கேளுங்க."

"ஏன் வேணாங்கற? நான் நல்லால்லியா?"

"நல்லாத்தான் இருக்கீங்க. அதுக்கில்லம்மா. வேணாம். தள்ளுபடி ஆயிடுச்சுல்ல, வீட்டுக்குப் போங்க."

ஊரே தன்னைச் சந்தேகித்தபோதும் அவளுக்காகக் கவலைப்பட்ட ஒரே ஆள் அவன்தான். அதையும் அவள் சந்தேகித்தாள். "வேற எவளையோ நல்லா எடுத்து வச்சிருக்கான், அதான் காட்ட மாட்டேங்கறான்" என்றாள் ஊரைப் பார்த்து. குஞ்சிதபாதம் அவள் காதோரம் குனிந்து, "அடியே, மெளகா" என்றார். அவள் காதில் அது ஏறவில்லை.

அம்பலவாணனே உத்தரவு போட்டுவிட்டார். சேந்தன் பெருமூச்சு விட்டு ஒரு படத்தைத் திரைக்கு ஏற்றினான்.

இரண்டு மாடி உயரத்துக்குத் தையல்நாயகி நின்றாள். அரக்குப் பட்டில் விளக்கொளி பட்டுச் சரிகை எரிந்தது. லேசாக முகத்தைத் திருப்பி, எதையோ நினைத்துக்கொண்டிருப்பவள்போல் நின்றிருந்தாள். பக்கத்தில் கண்ணாடி வாய்க்கால் நிறைய நட்சத்திரம். "அட, நம்ம தையலா இது" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். தன் வாழ்நாளில் இவ்வளவு அழகாக இருந்ததே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. எழுந்து நின்று, கேட்பாரில்லாமலே, "நான்தான். அது நான்தான்" என்று முறைப்படி அடையாளம் காட்டினாள்.

ஓரத்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஜெயசீலி திரைக்கு அருகில் போய், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பட்டுப்புடவையின் கரைக்கு அப்பால் விரலை வைத்தார்.

"கால்கிட்ட வரிசையா காயுதே, அது என்னம்மா?"

இரண்டு விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு மிளகாயும் காம்போடு தெரிந்தது. வேறு எதுவும் விசாரிக்கத் தேவைப்படவில்லை. ஏணியை மறுநாள் காலையில் ஆள் வந்து கழற்றிக்கொள்ளும் என்று ஜெயசீலி அங்கேயே சொல்லிவிட்டார்.

இதைக் கண்ட மற்றவர்கள் நைசாக நழுவியிருக்க வேண்டும். நழுவவில்லை. வீணைக்காரம்மாள் முதல் ஆளாக எழுந்து, "தம்பி, எங்க மாடியப் போடு" என்றாள். அவள் மாடியில் திருட்டுத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அவளுக்குப் பின்னால் எடை தூக்கியவர், புத்தகக்காரர், அப்புறம் தெருவே வரிசையில் நின்றது. கிளம்புவதாக இருந்த ஜெயசீலி ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, நாற்காலியைத் திரைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒளிமேகத்தை மறுபடி போடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

குஞ்சிதபாதம் தலையில் கை வைத்துக்கொண்டார். "மாடி போச்சேடி. இனிமே நாள் முழுக்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குள்ளயா?"

தையல்நாயகி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போனா போவுது. நீங்க வரிசைல நின்னு அந்தத் தம்பிகிட்ட கேளுங்க" என்றாள். "இன்னும் கொஞ்சம் கிட்டக்க எடுத்தது இருக்கான்னு."